ஸ்டீவ் வையின் 'பேஷன் அண்ட் வார்ஃபேர்': இதை எப்படித்தான் கேட்பது?

மூன்று_கார்டு

கிடார் பிடிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது, எஃப் பார் கார்டே இப்போதுதான் கொஞ்சம் சுத்தமாக விழுகிறது. கூட வாசிக்கும் நண்பன் ஒருவன் "கிடார்னு சொல்லிட்டு இதைக் கேட்காம இருந்தா எப்படி" என்று கிடார் கலைஞர் ஸ்டீவ் வையின் 'பேஷன் அண்ட் வார்ஃபேர்' (1990) ஆல்பத்தை அனுப்பினான். போன வாரம் முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

14 பாட்டு, ஐம்பது நிமிடத்துக்கு மேல். பாட்டு என்கிறேனே தவிர பாடகர் கிடையாது. ஆனால் பேச்சு மட்டும் இருக்கிறது! எங்கிருந்தோ யாரோ முணுமுணுக்கிறார்கள், ஒரு இடத்தில் டீச்சர் ஒருவர் வந்து வகுப்பில் ஒரு பையனை அறிமுகம் செய்கிறார், கொஞ்ச நேரத்தில் அதே டீச்சர் கத்துகிறார். 'ஏலியன் வாட்டர் கிஸ்' என்று ஒன்று, ஒரு நிமிடச் சொச்சம்தான், குழாய்க்குள் மாட்டிக்கொண்ட தவளை மாதிரி இருக்கிறது. 'ஃபார் தி லவ் ஆஃப் காட்' மட்டும் வேறு. அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். மற்றதில் பெரும்பாலும் "பார், என் கை எவ்வளவு வேகம்" என்பதுதான் என் காதில் விழுகிறது.

இது வித்தை காட்டும் ஆல்பமா, இல்லை நான்தான் தப்பாகக் கேட்கிறேனா? நடுவில் எதற்கு இத்தனை கோமாளித்தனம்? ஜோ சாட்ரியானியின் 'சர்ஃபிங் வித் தி ஏலியன்' கேட்டபோது இந்தச் சிக்கலே வரவில்லை, முதல் தடவையே கூட முணுமுணுக்க முடிந்தது.

பழைய_கேசட்

தம்பி, வேகத்தை முதலில் பார்த்தால் இந்த ஆல்பம் எரிச்சல்தான் தரும், எனக்கும் தந்தது. நீங்கள் தொல்லை என்று ஒதுக்குகிற அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

வை எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் விஷயம் புரியும். பாஸ்டன் பெர்க்லீயில் படித்துக்கொண்டிருந்தபோது ராக் இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பாவின் 'தி பிளாக் பேஜ்' என்கிற உருப்படியைக் காதால் கேட்டே நோட்டேஷன் எழுதி அவருக்கு அனுப்பிவைத்தார். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், தாளே கருப்பாகும் அளவுக்கு நோட்டுகள், டிரம்மர்கள் இன்றைக்கும் பயப்படுகிற சமாச்சாரம். ஸாப்பா அவரை எழுதும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஸாப்பா மேடையில் நினைத்தபடி வாசித்துத் தள்ளிய கிடார் சோலோக்களை எல்லாம் உட்கார்ந்து எழுதியது இவர்தான், 1982இல் அது புத்தகமாகவே வந்தது. 1980இலிருந்து மேடையிலும் ஏறினார். ஸாப்பா ஆல்பங்களில் இவருக்குக் கொடுத்த பட்டம் 'ஸ்டண்ட் கிடார்'. நம்மூர் சினிமா டைட்டிலில் 'சண்டைப் பயிற்சி' என்று போடுவார்களே, அந்த மாதிரி.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸாப்பா ஒரு அழுக்கான சமையலறையைப் பற்றிப் பாதிப் பேச்சும் பாதிப் பாட்டுமாக வாய்க்கு வந்தபடி ஓட்டுவார், 'தி டேஞ்சரஸ் கிச்சன்', 1983இல் வந்த 'தி மேன் ஃப்ரம் யுடோப்பியா' ஆல்பத்தில் இருக்கிறது. தாளம், சுருதி எதற்கும் கட்டுப்படாத பேச்சு. வை அதை அசைக்கு அசை நோட்டேஷன் எழுதி, அதையே கிடாரில் வாசித்துக் குரலுக்கு மேல் ஒட்டவைத்தார். மனுஷர் எங்கே இழுக்கிறாரோ அங்கே கிடாரும் இழுக்கும். 1984இல் தன் வீட்டிலேயே பதிவு செய்த முதல் ஆல்பம் 'ஃப்ளெக்ஸ்-ஏபிள்', அதன் சிடி பதிப்பில் 'ஸோ ஹேப்பி' என்று ஒன்று, ஒரு பெண் சிரித்துக்கொண்டே பேசுவதை கிடார் கூடவே பேசிக்கொண்டு போகும். அப்புறம் 1986இல் பாடகர் டேவிட் லீ ராத்துடன் 'யாங்கி ரோஸ்'. அதன் ஆரம்பத்தில் ராத் பேசப் பேச கிடார் பதில் சொல்கிறது, அதற்குச் சத்தியமாக மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இந்தக் காதோடு உங்கள் டீச்சர் பாட்டுக்கு வாருங்கள், 'தி ஆடியன்ஸ் இஸ் லிசனிங்'. அந்த டீச்சர் நடிகை இல்லை, சின்ன வயதில் வைக்குப் பாடம் எடுத்த ஆசிரியையையே கூப்பிட்டுப் பேச வைத்தார். அவர் "அடுத்து குட்டி ஸ்டீவி" என்கிற ரீதியில் அறிமுகம் செய்கிறார், கிடார் கூச்சப்படுகிற பையன் மாதிரி பதில் சொல்கிறது, அப்புறம் அந்தப் பையன் வகுப்பையே இடித்துத் தள்ளுகிறான். அந்த இடத்தில் வருகிற வேகத்தை வித்தையாகக் கேட்காதீர்கள். அடக்கி உட்கார வைத்த பையன் எகிறுகிறான், அவ்வளவுதான்.

ஒரு காரியம் செய்து பாருங்கள். கிடாரை எடுத்து "அப்படியா?" என்று வாசியுங்கள். கடைசி 'யா' மேலே வழுக்க வேண்டும். அதையே நம்பாமல் கேட்கிற "அப்படியா"வாக வாசியுங்கள், இப்போது 'டி'யில் கொஞ்சம் நின்றுவிட்டுக் கீழே இறங்க வேண்டும். வா பெடல் (காலால் அமுக்கி கிடார் சத்தத்தை வாய் மாதிரி திறந்து மூடுகிற பெட்டி) இருந்தால் இன்னும் நல்லது, குதிகால் பக்கம் அழுத்தினால் 'ஊ', விரல் பக்கம் போகப் போக 'ஆ'. நான் அரை மணி நேரம் போராடியும் என் கிடார் "அப்பளம்" என்றுதான் சொன்னது. அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

டபுள்_பெடல்

நான் டிரம்ஸ் ஆள், அதனால் கொஞ்சம் எதிர்க்கட்சி.

அண்ணன் சொன்ன ஸாப்பா கதையெல்லாம் சரி. ஆனால் ஒரு பாட்டு காதில் ஏறுவதற்கு முன்கதைச் சுருக்கம் வேண்டுமென்றால் அது கேட்கிறவன் குற்றம் இல்லையே? 'எராட்டிக் நைட்மேர்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள், கிடார் மேல் கிடார், அதன் மேல் இன்னொரு கிடார், எல்லாவற்றுக்கும் மேலே கோயில் மண்டபம் அளவுக்கு எதிரொலி. காது உட்கார ஒரு திண்ணை கிடையாது. டிரம்ஸ் பின்னால் மேசை நாற்காலி மாதிரி கிடக்கிறது. 1990இல் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லலாம், ஆனால் கிடார் கலைஞர் ஜெஃப் பெக் அதற்கு முந்தின வருடம் 'கிடார் ஷாப்'பில் மூன்றே பேரை வைத்துக்கொண்டு எவ்வளவு காற்றோட்டமாக வாசித்தார்!

எனக்குப் பிடித்தது 13வதாக வரும் 'சிஸ்டர்ஸ்'. பளிச்சென்ற கிளீன் சத்தம், விரல் கம்பியைத் தொடுவதுகூடக் கேட்கும். அந்த மனுஷருக்கு அது வருகிறது, அப்புறம் எதற்கு மீதி நாற்பது நிமிடம் கூச்சல் என்றுதான் என் கேள்வி. அப்புறம் 'புளூ பவுடர்', அதில் ஸ்டூ ஹாமின் பேஸ் கிடாருக்காகவே கேட்பேன்.

மூன்று_கார்டு, உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை. குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம்.

ஏழாம்_கம்பி

கூச்சல் என்றாலும், பாடகர் இல்லாத அந்தக் கூச்சல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 18வது இடம் வரை போனது. சும்மா சொல்லி வைத்தேன், அதனால் நல்ல ஆல்பம் ஆகிவிடாது என்று எனக்கும் தெரியும் 😄

தவளைச் சத்தம் பற்றி. அது கிடார்தான், கீபோர்டு இல்லை. வைக்காக ஐபனீஸ் கம்பெனி 1987இல் கொண்டுவந்த ஜெம் கிடாரில் உடம்பில் கைப்பிடி மாதிரி ஓர் ஓட்டை இருக்குமே, எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். விஷயம் வேறு இடத்தில். கம்பிகள் கிடார் உடம்பில் போய் மாட்டுகிற பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தைக் குடைந்து பள்ளம் விட்டிருப்பார்கள். சாதாரணமாக அந்த பிரிட்ஜில் செருகியிருக்கும் வேமி பார் என்கிற சின்னத் தடியைக் கீழே அமுக்கிச் சுருதியை இறக்கலாம், மேலே தூக்கினால் கொஞ்சத்திலேயே மரத்தில் முட்டிக்கொள்ளும். இதில் பள்ளம் இருப்பதால் பாரை நன்றாகவே தூக்கலாம், கம்பி கத்திக்கொண்டு மேலே ஏறும். அதை ஈவென்டைட் ஹார்மொனைசர் வழியாக விட்டால், நீங்கள் வாசித்த சுரத்தோடு வேறு உயரத்தில் இன்னும் இரண்டு சுரம் சேர்ந்து வரும். மூன்றும் ஒன்றாக வழுக்கும்போதுதான் அந்தத் தண்ணீர்ச் சத்தம். 'பாலரினா 12/24'ம் அதே பெட்டியின் வேலைதான், அங்கே எதிரொலி ஒவ்வொன்றும் வேறு உயரத்தில் திரும்பி வருவதால் ஒருவர் வாசிப்பது நாலு பேர் மாதிரி கேட்கும். இரண்டு நிமிடம்கூட இல்லை, ஹெட்போனில் கேளுங்கள்.

அப்புறம் இந்த ஆல்பம் வந்த வருடம்தான் யூனிவர்ஸ் என்கிற ஏழு கம்பி கிடாரும் கடைக்கு வந்தது, கீழே ஒரு பி கம்பி கூடுதல். வை அதை வைத்துக் கனவு உலகம் கட்டினார். நாலு வருடம் கழித்துக் கார்ன் குழுப் பையன்கள் அதே கிடாரை எடுத்து ஒரே கம்பியில் தடதடவென்று இடித்து வேறொரு இசைக்கே வழி போட்டார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கும் என்றால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள்.

சுரக்குறிப்பு

கனவு என்றதும் ஞாபகம் வந்தது, அதைச் சொல்லாவிட்டால் கோமாளித்தனம் என்ற கேள்விக்குப் பதில் முடியாது. டீன் ஏஜில் தனக்கு வந்த கனவுகளிலிருந்துதான் இந்த ஆல்பத்தின் கரு வந்தது என்று வை பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதலில் வரும் 'லிபர்ட்டி' ஏதோ நாட்டின் தேசிய கீதம் மாதிரி இல்லையா? கனவில் கேட்ட ஒரு கீதத்தை எழுந்ததும் நினைவிலிருந்து பிடித்தது அது. கனவில் டீச்சர் வருவார், திடீரென்று தண்ணீர் வரும், யாரோ காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். வரிசையை மாற்றாமல் ஒரே மூச்சில் கேட்டால் அந்த முணுமுணுப்புகள் கதவு மாதிரி வேலை செய்வது தெரியும். ஷஃபிளில் கேட்டிருந்தால் உங்களுக்குத் தொல்லையாகத்தான் இருந்திருக்கும்.

நான் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றவள், அந்தக் காதுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 'தி ரிடில்' லிடியன் ஸ்கேலில் இருக்கிறது, அதாவது நம் கல்யாணியின் அதே ஏழு சுரம், பிரதி மத்யமம் உட்பட. அந்த மத்யமத்தில் அவர் வேண்டுமென்றே போய் உட்காருவார். இதைச் சொன்னதும் "வை ராகம் வாசிக்கிறார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம், சுரம் ஒன்று என்பதற்காக ராகம் ஒன்றாகிவிடாது. கல்யாணியைக் கல்யாணி ஆக்குகிற பிடிப்புகள் எதுவும் அங்கே இல்லை. அது வேறு ஊர்.

உங்களுக்குப் பிடித்த 'ஃபார் தி லவ் ஆஃப் காட்' பற்றி: பத்து நாள் உண்ணாவிரதத்தின் நாலாவது நாளில் அதைப் பதிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் தாழ்ந்த குரலில் ஒருவர் ஒரு வரி சொல்வாரே, அது டேவிட் கவர்டேல். வை அப்போது அவருடைய ஒயிட்ஸ்நேக் குழுவில் இருந்தார். உண்ணாவிரதத்தைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் அது நிற்கும் என்பது என் கட்சி. முதலில் மெட்டை நிதானமாகச் சொல்கிறார், ஒவ்வொரு அடியின் கடைசிச் சுரத்தையும் வேறு வேறு மாதிரி முடிக்கிறார், ஒன்றை ஆட்டி, ஒன்றை வளைத்து, ஒன்றை அப்படியே விட்டு. வேகம் வெகு நேரம் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் நாம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

மூன்று_கார்டு

எல்லாருக்கும் நன்றி. ஆமாம், ஷஃபிள்தான் 🙈 போனில் அது எப்போதும் ஆனில் இருக்கும், எனக்கே தெரியவில்லை.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். டீச்சர் பாட்டில் சிரித்தேவிட்டேன், அம்மா எழுந்து வந்து "என்னடா" என்றார். டபுள்_பெடல் சொன்ன 'சிஸ்டர்ஸ்' ரொம்ப அழகு, அதை இதற்கு முன் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. 'எராட்டிக் நைட்மேர்ஸ்' விஷயத்தில் நானும் எதிர்க்கட்சிதான், இன்னும் மூச்சு முட்டுகிறது. தவளை தவளையாகத்தான் இருக்கிறது, ஆனால் பள்ளத்துக் கதை தெரிந்த பிறகு கை எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றுகிறது. "அப்படியா" முயற்சி செய்தேன். என்னுடையது "அடப்பாவி" என்கிறது.

இதற்கு அடுத்து எதைக் கேட்பது?

டபுள்_பெடல்

'கிடார் ஷாப்'. வேறு பேச்சே இல்லை.

பழைய_கேசட்

அதுவும் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் வையிடமே இன்னும் கொஞ்சம் இருக்க ஆசை என்றால் 1995இல் வந்த 'ஏலியன் லவ் சீக்ரெட்ஸ்'. ஏழே பாட்டு, அடுக்கு கம்மி, நம் டிரம்ஸ் நண்பருக்கும் மூச்சு விட இடம் இருக்கும். அதில் 'யா-யோ காக்' என்று ஒன்றில் அவருடைய கைக்குழந்தை மழலையில் ஏதோ சொல்லும், கிடார் அதையே திருப்பிச் சொல்லும். பேசுகிற கிடார் கதை அங்கேயும் தொடர்கிறது.

என் பெயருக்குக் காரணம் கேட்டு முன்பு ஒருவர் எழுதியிருந்தார், இதுதான் காரணம். எனக்கு முதலில் கிடைத்த 'பேஷன் அண்ட் வார்ஃபேர்' ஒரு நகலின் நகல், டேப்பின் வேகம் ஒரு பொட்டு அதிகம், சுருதி கால் சுரம் தூக்கலாக இருக்கும். எனக்கு அது தெரியாது. கிடாரை அதற்கே சேர்த்துவைத்து மூன்று வருடம் 'ஃபார் தி லவ் ஆஃப் காட்' பழகினேன். அப்புறம் சிடி வாங்கிப் போட்டால், மனுஷர் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது மாதிரி இருந்தது. கடைக்காரரிடம் போய் சிடி பழுது என்று சண்டை போட்டேன். அவர் இன்னொன்றைப் பிரித்துப் போட்டுக் காட்டினார், அதுவும் அப்படியே இருந்தது.