வெள்ளத்துக்கு வர்ற தன்னார்வ அமைப்புங்க உதவியா, உபத்திரவமா?

மணலிக்காரன்:
மழை சீசன் வர்றதுக்குள்ள இத பேசிடலாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அப்போ வடசென்னை மணலில எங்க தெருவுல 3 நாள் இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்ல, டவர் இல்ல. தண்ணி கொஞ்சம் இறங்கினதும் மெயின்ரோட்ல வண்டி வரிசையா வந்து நின்னுச்சு, எல்லாத்துலயும் அதே வெஜ் பிரியாணி, மதியம் வாங்கினது ராத்திரி ஊசிப்போச்சு. உள்தெருவுக்கு ஒரு பொட்டலம் கூட வரல. அப்புறம் பழைய துணி மூட்டை, பிரிச்சா உள்ள ஒரு ஷெர்வானி, சத்தியமா சொல்றேன். இதுக்கு பேர் சேவையா?

பெரம்பூர் வாலண்டியர்:
ஷெர்வானிக்கு எங்க எல்லார் சார்பாவும் மன்னிச்சிடுங்க ப்ரோ 😂 ஆனா மெயின்ரோட்லயே ஏன் நின்னோம்னு கேளுங்க. உள்ள எவ்ளோ ஆழம், எங்க மேன்ஹோல் தொறந்திருக்குன்னு வெளியாளுக்கு எப்படி தெரியும், எங்க டாட்டா ஏஸ் ஒண்ணு சைலன்சருக்கு தண்ணி போய் அங்கயே படுத்துடுச்சு. 2015 சென்னை வெள்ளத்துலயும் ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி மீனவர் போட்டும் சாதாரண பசங்களும்தான் எறங்கினாங்க, அத மறந்துடாதீங்க.

காசிமேடு கணக்கு:
2015ன்னதும் ஞாபகம் வருது, நிவாரணப் பொட்டலத்துல முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டின கதை. இப்ப ஸ்டிக்கருக்கு பதிலா செல்ஃபி, அவ்ளோதான் வித்தியாசம். இன்னா பிரச்சனைன்னா பூண்டி ஏரில தொறந்தா கொசஸ்தலை ஆறு ரொம்பும், புழல் ஏரி உபரித்தண்ணியும் மணலி பக்கம்தான் வரும், எண்ணூர் முகத்துவாரத்துல மண்ணும் அனல்மின் நிலைய சாம்பலும் சேர்ந்து கிடந்தா தண்ணி எங்க போவும்? 2021 நவம்பர்லயும் மணலி புதுநகர் முழுகுச்சு. நீ வந்து சோறு போட போட கேக்க வேண்டிய இடத்துல எவனும் கேக்க மாட்டேன்றான். மிக்ஜாமுக்கு கவர்மென்ட்ல 6000 ரூபா குடுத்தாங்க, கதை முடிஞ்சுது.

பெரம்பூர் வாலண்டியர்:
முகத்துவாரம் தூர் வார்ற வரைக்கும் கைக்கொழந்தைக்கு பால் வேணாமாண்ணே?

காசிமேடு கணக்கு:
நான் வேணாம்னு சொன்னனா? பால் குடுத்துட்டு வார்டு ஆபீஸ் வாசல்லயும் வந்து நில்லுன்றேன். அங்க மட்டும் நாங்கதான் நிக்கிறோம்.

எர்ணாவூர் அக்கா:
ரெண்டு பேரும் பிரியாணிலயே நிக்கிறீங்க. எங்க பக்கம் தண்ணியோட ரிஃபைனரி எண்ணெயும் வந்துச்சு, செவுத்துல அந்த கறுப்புக் கோடு சுண்ணாம்பு அடிச்சும் போகல. போட்டு, வலை எல்லாம் எண்ணெய், மீன்காரங்களே மக்கும் பக்கெட்டுமா அள்ளினாங்க. அந்த நேரத்துல எங்களுக்கு வேண்டியிருந்தது க்ளவுஸ், சோப்பு, துடைக்க கோணி. பொம்பளைங்களுக்கு நாப்கினும் பாத்ரூம் போக ஒரு மறைவும், இத யார்கிட்டயும் வாய்விட்டு கேக்க முடியல. ஒரே ஒரு குரூப் பொண்ணுங்க மட்டும் வெறுங்கையோட வந்து வீடு வீடா “என்ன வேணும்க்கா”ன்னு எழுதிக்கினு போனாங்க. வெறுங்கையோட வந்துருக்குதுங்க பாருன்னு திட்டினேன் மனசுக்குள்ள. மறுநாள் எழுதினது அப்படியே வந்துச்சு, எங்க மாமியாருக்கு சுகர் மாத்திரை உட்பட.

மணலிக்காரன்:
அத தான்க்கா நான் சொல்ல வந்தேன், ஷெர்வானில மாட்டிக்கினேன்.

பெரம்பூர் வாலண்டியர்:
நியாயம். ஆனா தண்ணி நிக்கும்போது லிஸ்ட் எழுத முடியாது. இப்பவே தெருவுக்கு ஒரு ஆள் நம்பர் வேணும், கைக்கொழந்தை எத்தனை, படுத்த படுக்கையா இருக்கற பெருசு எந்த வீடு. அக்கா உங்க தெருவுக்கு நீங்க எழுதி வைப்பீங்களா?

எர்ணாவூர் அக்கா:
சங்கத்து பொண்ணுங்ககிட்ட சொல்றேன், ஒரு நோட்ல எழுதிடுவாங்க. ஃபோன்ல வேணாம், கரண்ட் போனா அது செங்கல்லு.

பெரம்பூர் வாலண்டியர்:
சூப்பர். கணக்கண்ணே, போட்டுக்கு ஆள் சொல்றீங்களா?

காசிமேடு கணக்கு:
சொல்றேன். டீசல் காசு முன்னாடியே குடுத்துடு நைனா. மிக்ஜாமுக்கு எங்க அண்ணன் போட்டை வாங்கினு போனவங்க டீசல் காசு இன்னும் தரல.