1640களின் அச்சுத் தணிக்கை: சந்தா இல்லாமல் மூல ஆவணங்களை எங்கே தேடுவது, எந்த அளவு நம்புவது?

பவளமல்லி:

வணக்கம். 1641-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது முதல் 1710-இல் ஆன் அரசியின் பதிப்புரிமைச் சட்டம் வரை இங்கிலாந்தில் அச்சுத் தணிக்கை எப்படி மாறியது என்பதுதான் ஆய்வேட்டின் பொருள். அச்சுத் தணிக்கையை எதிர்த்து மில்டன் 1644-இல் எழுதிய 'அரியோபஜிடிகா'வும் அந்தக் காலத் துண்டுப்பிரசுரங்களும் நடு அத்தியாயத்தில் வருகின்றன. பழைய ஆங்கில நூல்களின் பக்கப் படங்களைத் தரும் ஈபோ (EEBO) தளத்துக்குச் சந்தா கிடையாது. அந்தப் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் டிசிபி (TCP) திட்டம் இலவசமாக வெளியிட்ட உரைகளை வைத்தே வேலை நடக்கிறது. சிக்கல்கள் இவை:

ஒன்று, ஈபோவின் பக்கப் படங்களைப் பார்க்காமல் டிசிபி உரையை மட்டும் நம்பலாமா?

இரண்டு, அச்சு உரிமத்தைக் குறிக்கும் 'லைசன்ஸ்' என்ற சொல்லைத் தேடினால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே கிடைக்கிறது. எங்கே தவறு?

மூன்று, முதலாம் சார்லஸ் அரசரின் பெயரில் வந்த 'ஐகான் பசிலிகே', அவர் கொல்லப்பட்ட பிறகு, 1649-இல் வெளிவந்தது என்று படித்தேன். முகப்புப் பக்கத்திலோ 1648 என்று இருக்கிறது. இப்படி இன்னும் பல நூல்கள். வரிசைப்படுத்தவே முடியவில்லை.

நான்கு, அடிக்குறிப்பில் எதை மேற்கோள் காட்டுவது: அச்சு நூலையா, இணைய உரையையா?

சுவடிக்கட்டு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது.

உங்கள் திரையில் தெரியும் உரை நான்காவது கை மாறி வந்தது. முதலில் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கும் ஒரு பிரதி. அதை எடுத்த மைக்ரோஃபிலிம்; அந்தப் பணி 1938-இலேயே தொடங்கிவிட்டது. பிறகு அந்தப் படச்சுருளை ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் படம். கடைசியாக அந்தப் படத்தைப் பார்த்து ஆட்கள் தட்டச்சு செய்த உரை. ஒவ்வொரு படியிலும் ஏதாவது உதிர்கிறது. சிவப்பு மையில் அச்சான வரியும் கறுப்பாகத் தெரியும். தாளின் மறுபக்க மை ஊடுருவித் தெரிந்தால் எழுத்தே புரியாது. பெரிய மடிப்புத் தாள்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும்.

டிசிபியின் பலம், அது இயந்திரம் படித்த உரை அல்ல என்பது. 20,000 எழுத்துக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது என்பது அவர்கள் வைத்த இலக்கு. ஆகவே அச்சில் உள்ள வாசகத்துக்கு அதைத் தாராளமாக நம்பலாம். ஆனால் விட்டுப்போனவை என்னென்ன என்று தெரிந்திருக்க வேண்டும்:

கையெழுத்துக் குறிப்புகள் ஏறாது. உங்கள் தலைப்புக்கு இதுதான் பெரிய இழப்பு. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை 22,000-க்கும் மேற்பட்ட பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் சேர்த்தார். பலவற்றின் முகப்பில் தேதியைக் கையால் எழுதிவைத்தார். அரியோபஜிடிகாவின் தாமசன் பிரதியில் நவம்பர் 24 என்ற தேதி இருக்கிறது, ஆசிரியரே தந்தது என்ற லத்தீன் குறிப்பும் இருக்கிறது. அச்சடித்த முகப்பில் ஆண்டு மட்டுமே உண்டு. அச்சகத்தார் பெயரும் இல்லை, உரிமமும் இல்லை.

கிரேக்க, எபிரேய எழுத்தில் உள்ள சொற்கள் தட்டச்சாகவில்லை. அந்த இடத்தில் 'லத்தீன் அல்லாத எழுத்து' என்ற குறிப்பு மட்டும் நிற்கும். படிக்க முடியாத எழுத்துக்கு • என்ற புள்ளியும், முழுச் சொல்லும் போயிருந்தால் 〈◊〉 என்ற குறியும் வரும். மேற்கோள் எடுக்கும்போது இந்தக் குறிகளை அழித்துவிட்டு நீங்களே ஊகித்து நிரப்பாதீர்கள்.

இன்னொன்று, ஈபோவில் 1,40,000-க்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. டிசிபி தட்டச்சு செய்தது சுமார் 60,000. அதிலும் ஒரு நூலுக்கு ஒரு பதிப்பு, பெரும்பாலும் முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பில் தணிக்கைக்கு அஞ்சி ஒரு பத்தியை எடுத்திருந்தால் டிசிபியில் அது தெரியாது. வாராந்தரச் செய்திப் பிரசுரங்களும் பெரும்பாலும் விடுபட்டவை. 'டிசிபியில் இல்லை, ஆகவே யாரும் எழுதவில்லை' என்ற முடிவுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

எத்தனை பதிப்புகள், எந்த நூலகத்தில் எந்தப் பிரதி என்பதற்கு ஈஎஸ்டிசி (ESTC) என்ற பட்டியல் இருக்கிறது. 1473 முதல் 1800 வரை அச்சான நூல்கள் அதில் உண்டு. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் அது முடங்கியது. இடைக்கால வடிவம் ஒன்றை ஐரோப்பிய ஆய்வு நூலகங்களின் கூட்டமைப்பான செர்ல் தன் தளத்தில் வைத்திருக்கிறது. பழைய கட்டுரைகளில் உள்ள இணைப்பைச் சொடுக்கித் திறக்காவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம், செர்ல் பக்கம் போங்கள்.

எழுத்துக்கூட்டி:

இரண்டாவது கேள்விக்கு. பழைய நூலில் யூ, வி இரண்டும் இடம் மாறும், ஐ, ஜே இடம் மாறும் என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருப்பார்கள். 1600-ஐ ஒட்டிய நூல்களுக்கு அது சரி. 1640களுக்குள் லண்டன் அச்சகங்கள் பெரும்பாலும் இன்றைய வழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆகவே உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

உங்கள் சிக்கல் சொல்லின் உள்ளே. அந்தச் சொல்லை எஸ் போட்டும் சி போட்டும் எழுதினார்கள், ஐ இருக்கும் இடத்தில் ஒய் போட்டும் எழுதினார்கள். ஆகவே முழுச் சொல்லைத் தேடாமல் எல், ஐ, சி, இ, என் என்ற ஐந்து எழுத்தோடு நட்சத்திரக் குறியைப் போட்டுத் தேடுங்கள். உரிமம், உரிமம் தருபவர், உரிமம் பெற்ற என எல்லா வடிவமும் ஒரே தடவையில் வரும். பிறகு இரண்டாம் எழுத்தை ஒய் ஆக்கி மறுபடியும் ஒரு தேடல். மூன்றாவதாக 'இம்ப்ரிமாட்டூர்' என்ற லத்தீன் சொல்லைத் தேடுங்கள்; நூலின் முன்பக்கத்தில் அனுமதி அந்தச் சொல்லில்தான் அச்சாகும். உரிமம் இல்லாத என்ற பொருள் தரும் சொல் முன்னொட்டோடு வருவதால் முதல் தேடலில் சிக்காது, அதைத் தனியாகத் தேட வேண்டும்.

டிசிபி கோப்புகளை கிட்ஹப் தளத்திலிருந்து இறக்கி, சொற்களைத் தேடி எண்ணும் ஆண்ட்கான்க் போன்ற கருவியில் எண்ணப் போகிறீர்கள் என்றால், எண்ணுவதற்கு முன் நான்கு வேலை உண்டு. வரி முடிவில் உடைந்த சொல்லின் நடுவே ∣ என்ற குத்துக்கோடு நிற்கும். அதை இடைவெளி விடாமல் நீக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு சொல் இரண்டாக எண்ணப்படும். உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் பக்கத்தில் ஒரு எம் அல்லது என் சுருக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எஃப் போலத் தோன்றும் பழைய நீள எஸ் (ſ) அப்படியே இருந்தால் சாதாரண எஸ் ஆக மாற்றுங்கள்.

நான்காவது வேலைதான் முக்கியம். எக்ஸ்எம்எல் கோப்பின் தலைப்பகுதியில் நூலகத்தார் சேர்த்த பொருள் தலைப்புகள் இருக்கும். 'அச்சுச் சுதந்திரம்' என்ற தொடர் 1644-ஆம் ஆண்டு நூலில் வந்ததாகக் கருவி காட்டும். உண்மையில் அது பின்னாளைய பட்டியல்காரர் எழுதியது. தலைப்பகுதியை வெட்டிவிட்டு உரைப் பகுதியை மட்டும் எண்ணுங்கள். ஓரக்குறிப்புகளையும் கவனியுங்கள். அவை வாக்கியத்தின் நடுவே செருகி வருவதால், இரண்டு மூன்று சொல் கொண்ட தொடரைத் தேடினால் அறுந்துபோகும்.

பழைய நாட்காட்டி:

தேதிச் சிக்கல் உங்களுடைய பிழை அல்ல. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை உள்ள நாட்கள் முந்தைய ஆண்டின் கணக்கில் சேரும். முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்ட நாள் நமக்கு 1649 ஜனவரி 30, அன்றைய லண்டன்காரருக்கு 1648. ஐகான் பசிலிகேயின் முகப்பில் 1648 என்று இருப்பது அதனால்தான். ஆய்வில் 1648/9 என்று இரட்டையாக எழுதுவது வழக்கம்.

எல்லா முகப்பும் இதே விதிக்குக் கட்டுப்படாது என்பதுதான் தொல்லை. ஆண்டுக் கடைசியில் வரும் நூலுக்கு அடுத்த ஆண்டைப் போட்டு விற்கும் பழக்கம் வியாபாரிகளிடம் இருந்தது. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது, எனவே எடின்பரோவில் அச்சான பிரசுரத்தை லண்டன் கணக்கில் பார்க்கக் கூடாது. பாரிஸிலிருந்து வந்த கடிதத்தின் நாள் லண்டன் நாளைவிடப் பத்து நாள் முன்னே நிற்கும். 1700-க்குப் பிறகு பதினொன்று.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் அட்டவணையில் மூன்று பத்திகள் போடுங்கள்: முகப்பில் உள்ள ஆண்டு, தாமசன் தேதி, நீங்கள் முடிவு செய்த தேதி. தாமசன் தேதிக்குச் சந்தா தேவையில்லை. அவர் சேகரிப்புக்கு ஃபார்டெஸ்க்யூ தொகுத்து 1908-இல் இரண்டு தொகுதியாக வந்த பட்டியல் இன்டர்நெட் ஆர்கைவில் முழுமையாகக் கிடைக்கிறது. அது கால வரிசையிலேயே அமைந்தது. 1644 நவம்பர் பக்கத்தைத் திறந்தால் அரியோபஜிடிகாவுக்கு முன்னும் பின்னும் என்னென்ன வந்தன என்று ஒரே பார்வையில் தெரியும். உங்கள் நடு அத்தியாயத்துக்கு எந்தத் தேடுபொறியும் இந்த அளவு உதவாது. ஒரு எச்சரிக்கை: தாமசன் எழுதியது நூல் வெளியான நாளா, அவர் கைக்கு வந்த நாளா என்பது எல்லா இடத்திலும் தெளிவில்லை. 'இந்தத் தேதிக்குப் பிந்தையது அல்ல' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவளமல்லி:

ஃபார்டெஸ்க்யூ பட்டியல் கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. இரண்டு கேள்விகள் பாக்கி. நாடாளுமன்ற ஆணைகளின் மூல வாசகம் எங்கே? உரிமச் சட்டம் காலாவதியான 1695-க்குப் பிந்தைய செய்தித்தாள்களைத் தேடலாமா?

சட்டப்படிகள்:

ஆணைகளுக்கு பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் போதும். 1911-இல் ஃபிர்த், ரெய்ட் இருவரும் பதிப்பித்த 1642-60 காலச் சட்டங்களின் தொகுப்பு அதில் இருக்கிறது. மில்டன் எதிர்த்த 1643 ஜூன் ஆணை, 1647 செப்டம்பர் ஆணை, 1649 செப்டம்பர் சட்டம் மூன்றையும் அங்கே அடுத்தடுத்துப் படிக்கலாம். 1662-இன் உரிமச் சட்டத்துக்கு அதே தளத்தில் 'ஸ்டாட்யூட்ஸ் ஆஃப் தி ரெல்ம்' ஐந்தாம் தொகுதி. கீழவை, மேலவை நாட்குறிப்புகளும் உண்டு. அவை முடிவுகளைப் பதிபவை, பேச்சுகளை அல்ல.

அதே தளத்தில் உள்ள அரசு ஆவணக் காலண்டர்களில் மட்டும் கவனம் தேவை. காலண்டர் என்றால் இங்கே சுருக்கம். 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் மூலக் கடிதத்தைப் படித்துத் தன் சொல்லில் சுருக்கியது. அதை 17-ஆம் நூற்றாண்டு வாசகமாக மேற்கோள் காட்டினால் தேர்வாளர் நிச்சயம் பிடிப்பார்.

ஸ்டார் சேம்பரின் 1637 ஆணை முதல் 1710 சட்டம் வரை பக்கப் படம், எழுத்துப்படி, விளக்கவுரை மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 'பிரைமரி சோர்சஸ் ஆன் காப்பிரைட்' தளத்துக்குப் போங்கள், இலவசம். அச்சகத்தார் சங்கப் (ஸ்டேஷனர்ஸ் கம்பெனி) பதிவேட்டுக்கு, 1640-1708 காலத்தின் மூன்று தொகுதிப் படி இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கிறது. ஒரு பிரசுரம் அதில் பதிவாகவில்லை என்பதே உங்களுக்கு ஒரு தகவல்தான். ஆனால் பதிவும் உரிமமும் ஒன்றல்ல. பதிவு சங்கத்துக்குள் வியாபார உரிமையைக் காப்பது, உரிமம் தணிக்கையாளர் தருவது.

செய்தித்தாள்களில் பிரிட்டிஷ் நூலகத்தின் பர்னி சேகரிப்பு பெரியது. அங்கே உரையை இயந்திரம்தான் படித்திருக்கிறது. 2009-இல் வந்த ஓர் ஆய்வில் அதன் சொற்களில் 65% மட்டுமே சரியாக இருந்தன, பொருள் தாங்கும் முக்கியச் சொற்களில் 48.4%. அதாவது உங்கள் சொல் இருக்கும் இடங்களில் பாதியைத் தேடுபொறி காணவே காணாது. நீள எஸ்ஸை அது எஃப் என்று படிக்கும். ஆகவே சொல்லின் முதலிலும் நடுவிலும் எஸ் வரும் இடத்தில் எஃப் போட்டு மறுபடியும் தேடுங்கள். கடைசி எஸ்ஸை மாற்ற வேண்டாம், அங்கே நீள வடிவம் வராது. இந்தத் தேடலில் கிடைக்கும் எண்ணிக்கையை வைத்து வரைபடம் போடாதீர்கள். இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

சுவடிக்கட்டு:

நான்காவது கேள்வி விட்டுப்போயிற்றே. இரண்டையும் காட்டுங்கள். ஆசிரியர், தலைப்பு, இடம், முகப்பு ஆண்டு, 1641-1700 கால நூல்களின் விங் பட்டியலில் உள்ள எண் (அரியோபஜிடிகாவுக்கு எம்2092), பிறகு டிசிபி உரை என்ற குறிப்பும் அதன் எண்ணும். படத்தைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதாதீர்கள்.

பக்க எண்ணை நம்ப முடியாத பிரசுரங்களுக்குத் தாள் குறி (தாள்களை வரிசையாக அடுக்க அச்சகத்தார் பக்கத்தின் அடியில் இட்ட எழுத்தும் எண்ணும்) கொடுக்க வேண்டும். டிசிபி அதைத் தட்டச்சு செய்யவில்லை, ஆனால் கணக்கிடலாம். குவார்ட்டோ என்றால் ஒரு தாள் இரண்டு முறை மடிந்து நான்கு இலை, எட்டுப் பக்கம். முதல் பக்கம் பி1 முன்பக்கத்தில் தொடங்கினால் ஒன்பதாம் பக்கம் சி1 முன்பக்கம், பதினேழு டி1 முன்பக்கம். அகரவரிசையில் ஜே, யூ, டபிள்யூ கிடையாது. ஐ-க்கு அடுத்தது கே, எஸ்-க்குப் பின் வரும் டி-க்கு (T) அடுத்தது வி, பிறகு எக்ஸ். கணக்கிட்ட குறியைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். கோப்பில் காணும் பட எண்ணைப் பக்க எண்ணாக எடுக்காதீர்கள், ஒரு படத்தில் பெரும்பாலும் எதிரெதிர் இரண்டு பக்கம் இருக்கும்.