பழைய வீட்டு இரும்பு வேலைப்பாடுகளைக் கண்ணாடித் துகள் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாமா?

வளவுவீடு:
அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் அருகே பங்காளிகள் அனைவருக்கும் பொதுவான எங்கள் பழைய வீட்டில் பராமரிப்புப் பணியைத் தொடங்கியிருக்கிறோம். இரண்டாம் கட்டின் வார்ப்பிரும்புத் தூண்களிலும் ஜன்னல் கிராதிகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பூசிய பெயிண்ட் தடித்து, பூவேலைப்பாடே தெரியாதபடி மூடிக்கிடக்கிறது. அடியில் துருவும் ஏறியிருக்கிறது. மணலுக்குப் பதிலாக, பழைய பாட்டில்களை நொறுக்கிச் சலித்த கண்ணாடித் துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்து தருவதாக ஓர் ஒப்பந்தக்காரர் கூறுகிறார். தேக்குத் தூண்களையும் சுவர்களையும் அதே இயந்திரத்தால் முடித்துவிடலாம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பிளாஸ்டிங் பட்டறை:
இரும்புக்குத் தாராளமாகச் செய்யலாம். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் படிகச் சிலிக்கா. அது நொறுங்கிப் பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்னும் தீராத நோயைத் தருகிறது. வார்ப்படங்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்துவிட்டது. கண்ணாடியும் மணலிலிருந்து வருவதுதான் என்றாலும், உருகிக் குளிரும்போது சிலிக்கா தன் படிக அமைப்பை இழந்துவிடுவதால், தரமான துகளில் படிகச் சிலிக்கா 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அதற்காகத் தூசியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நாசில் எனப்படும் பீய்ச்சு முனையைப் பிடிப்பவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் தலைக்கவசம் கட்டாயம் வேண்டும்.

துகளை வாங்கும்போது பாட்டில் கண்ணாடிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு. அது கலக்கவே கூடாது. கண்ணாடி மணி என்று விற்பது உருண்டையானது, மெருகேற்றப் பயன்படுவது. கூர்முனையுள்ள நொறுக்குத் துகள்தான் தடித்த பெயிண்டை வெட்டி எடுக்கும். கனத்த இரும்புக்கு 90 முதல் 100 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் வழக்கம். நுணுக்கமான பூவேலைக்கு 40-இல் தொடங்கி, கண்ணில் படாத ஒரு மூலையில் பார்த்தபின் கூட்டுங்கள். கால் அங்குல நாசிலுக்கு 100 பிஎஸ்ஐ-யில் நிமிடத்துக்குச் சுமார் 80 கன அடி காற்று தேவைப்படுவதால், பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் இதற்குப் போதாது. சுத்தமான இரும்பு வெகுவிரைவில் மீண்டும் துருப்பிடிக்கும் என்பதால் அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும்.

சுண்ணாம்புப்பூச்சு:
மேலே நண்பர் சொன்னது இரும்புக்கு மட்டுமே பொருந்தும். சுவரையும் தேக்கையும் தொட விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் கண்ணாடியின் கடினம் 5-க்கு மேல். முதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சு வெறும் 3. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த அந்தப் பளபளப்பு மேல்தோலில்தான் இருக்கிறது. அது போனால் அதே சுவரில் திரும்ப வராது. போதாக்குறைக்கு, அடிப்பூச்சில் உள்ள மணல் உடைந்து, எந்தத் தூசிக்கு அஞ்சி மணலைத் தவிர்த்தோமோ அதையே கிளப்பும். பர்மாத் தேக்கில் மென்மையான வரிகள் அரிக்கப்பட்டு, கடினமான வரிகள் மேடாக நிற்கும். செதுக்கலின் கூர்மை மழுங்கிவிடும்.

அதைவிட முக்கியமானது ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். அவ்வளவு பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, சுரண்டிய துணுக்கை முதலில் ஆய்வகத்தில் சோதியுங்கள்.

வளவுவீடு:
மிக்க நன்றி. சுவரையும் மரத்தையும் ஒப்பந்தத்திலிருந்து நீக்கிவிடுகிறோம். ஈயம் இருந்தால் கிராதிகளைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பலாம். பாரம் தாங்கும் தூண்களை என்ன செய்வது?

பிளாஸ்டிங் பட்டறை:
தூண்களை நின்ற இடத்திலேயே, பெயிண்ட் நீக்கும் களிம்பைப் பூசி, ஊறியபின் ஈரம் காயாமல் வழித்தெடுங்கள். வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையுடையது. சுத்தியலால் தட்ட விடாதீர்கள். கிராதிகளை அனுப்பும் பட்டறை, மூடிய அறையில் தூசியை உறிஞ்சி வடிகட்டும் வசதி கொண்டதாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்புப்பூச்சு:
வழித்த கழிவை முற்றத்தில் கொட்ட வேண்டாம். நம் வீடுகளில் முற்றத்து மழைநீர் கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும்படி அமைத்திருக்கிறார்கள். தரையில் தார்ப்பாய் விரித்து, கழிவைப் பூட்டிய டிரம்மில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கும் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.