டெக்சாஸில் முதல் வேட்டைத் துப்பாக்கி: கடைக்குப் போகும் முன் விசாவைப் பாருங்கள்

ஆஸ்டினுக்கு வந்து ஏழு மாதம் ஆன தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார்: "எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைக்கிறார்கள். கையில் ஆயிரம் டாலர் இருக்கிறது. அரை தானியங்கி ரைபிள் வாங்கலாமா, இல்லை பாகங்களாக வாங்கி நானே கோத்துக்கொண்டால் இன்னும் மலிவாக முடியுமா?"

பதில் சொன்னவர்கள் மாடல் பெயர்களை அடுக்கிவிட்டார்கள். அவருடைய விசாவைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன். நான் சான் அன்டோனியோ பக்கம் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன், அதில் ஒன்பது ஆண்டுகளாக வேட்டைக்குப் போய் வருகிறேன்.

தம்பி, எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று தற்காலிக விசாவில் உள்ள யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தற்காலிக விசாக்காரர்களுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் நமக்குப் பயன்படுவது ஒன்றுதான்: ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். கடையில் 4473 என்ற எண் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். விசாவைப் பற்றிய கேள்வி அதிலேயே இருக்கிறது. உரிமத்தைக் காட்டி, உங்கள் ஐ-94 எண்ணை (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவின் எண்) எழுதி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் துப்பாக்கி கைக்கு வரும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2019 செப்டம்பர் முதல், டெக்சாஸில் தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு காட்டுப்பன்றி வேட்டையாட மாநில உரிமம் தேவையில்லை. "பன்றிக்கு உரிமம் எதற்கு?" என்று நண்பர்கள் சொல்வார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு அது சரி. உங்களுக்கு அந்த உரிமம் பன்றிக்காக அல்ல, துப்பாக்கியைத் தொடுவதற்காகத் தேவை.

இன்னொன்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் வேட்டை உரிமம் எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க மறந்தால், செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் உங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் அதே துப்பாக்கி சட்டவிரோதப் பொருளாகிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் வசித்தவருக்குச் சாதாரண உரிமம் 25 டாலர்தான். வெளிமாநிலத்தவருக்கு 315 டாலர். ஏழு மாதம் ஆன உங்களுக்கு உள்ளூர்க் கட்டணமே பொருந்தும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். 17 வயதைக் கடந்தவர்கள் முழுவதையும் இணையத்திலேயே முடித்துவிடலாம். ஒப்புக்குச் செய்யாதீர்கள். அந்தப் பாடங்கள் நல்லவை. தோட்டா எவ்வளவு தூரம் போகும், பின்னால் என்ன இருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நான் அங்கேதான் கற்றேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ரெஹைஃப் என்ற மாணவரின் வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாணவர் விசாவில் வந்தவர், மதிப்பெண் குறைந்து கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலையை இழந்திருந்த நேரத்தில் ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டார். கீழ் நீதிமன்றம் கொடுத்த தண்டனை 18 மாதச் சிறை. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் எனச் சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் அதற்குள் அவர் வாழ்க்கையில் எத்தனை ஆண்டுகள் போயின! துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. கிரீன் கார்டுக்காரருக்கும் அது பொருந்தும். விசா நிலையில் குழப்பம் இருந்தால், துப்பாக்கிக் கடைக்காரரைக் கேட்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம்.

அரை தானியங்கி என்றால், விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். வெடித்த வாயுவின் ஒரு பகுதியோ பின்னுதைப்போ பின்னால் தள்ள, வெற்று உறை வெளியே தெறிக்கிறது, அடுத்த தோட்டா தானாக ஏறுகிறது. பன்றிகள் கூட்டமாக வருபவை. கலைந்து ஓடும்போது இரண்டாவது வாய்ப்புக்கு இது உதவும். அந்த வகையில் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது போல்ட்டை, அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டை, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் ரைபிளைத்தான்.

காரணம் உங்கள் வேலை. எச்-1பியில் இருப்பவர் அடுத்த ஆண்டு எந்த மாநிலத்தில் இருப்பார் என்று யார் சொல்ல முடியும்? டெக்சாஸில் எளிதாகக் கிடைக்கும் ஏ.ஆர்.-15 வகை அரை தானியங்கித் துப்பாக்கியை அதே வடிவத்தில் கலிபோர்னியாவுக்கோ நியூ ஜெர்சிக்கோ இல்லினாய்க்கோ எடுத்துச் செல்ல முடியாது. வாஷிங்டன் மாநிலமும் 2023-இல் அவற்றின் விற்பனையையும் உள்ளே கொண்டுவருவதையும் தடை செய்துவிட்டது. சியாட்டிலுக்கு மாற்றலாகும் நம்மவர்கள் எத்தனை பேர்! போல்ட் ரைபிளாக இருந்தால், அந்தந்த மாநிலத்தின் விதிமுறைகளைப் பார்த்துக்கொண்டு கூடவே கொண்டுபோகலாம். சாவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன் போன்றவை ஏறக்குறைய 400, 500 டாலருக்கு வந்துவிடுகின்றன. மானுக்கும் பன்றிக்கும் .308 அளவுத் தோட்டா போதும்.

அரை தானியங்கிதான் வேண்டும் என்று மனம் உறுதியாக இருந்தால், இரண்டு வழி உண்டு. ஒன்று, ரூகர் 10/22. 1964 முதல் வந்துகொண்டிருக்கும் சின்ன .22 ரைபிள். தோள் வலிக்காது, தோட்டா மிக மலிவு, பத்துத் தோட்டா பிடிக்கும் உருளை வடிவ மேகசின். முயலுக்கும் அணிலுக்கும் நல்லது, கை பழகுவதற்கு அதைவிட நல்லது. டெக்சாஸில் மான் வேட்டைக்கு இந்த .22 (ரிம்ஃபயர் வகை) தோட்டாவைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மற்றொன்று, .223 தோட்டா போடும் ஏ.ஆர்.-15 வகையில் தொடக்க நிலை மாடல். நல்ல நிறுவனங்களின் துப்பாக்கியே 500 முதல் 700 டாலருக்குள் கிடைக்கிறது.

அதை வாங்கினால் தோட்டாவைக் கவனித்து வாங்குங்கள். முழுவதும் உலோக உறை போட்ட பயிற்சித் தோட்டா உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும். விலங்கு ஓடிப்போய் எங்கோ துடித்துச் சாகும். வேட்டைக்கென்று செய்த, உள்ளே விரியும் தோட்டாவைத்தான் போட வேண்டும். .223 சின்னத் தோட்டா என்பதால் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்கு மேல் அதை நம்பாதீர்கள்.

.300 பிளாக்கவுட் என்று இன்னொரு தோட்டா உண்டு. பன்றி வேட்டைக்காரர்களுக்குப் பிடித்தது. அது .223-க்கான அதே மேகசினில் உட்காரும், சில சமயம் .223 துப்பாக்கியின் அறைக்குள்ளும் நுழைந்துவிடும். விசையை இழுத்தால் துப்பாக்கி முகத்தருகே வெடித்துச் சிதறும். இரண்டு வகையும் உள்ள வீட்டில் மேகசின்களுக்கு வேறு வேறு நிறத்தில் பட்டை ஒட்டி வைப்பார்கள். உங்களுக்கு ஒரே வகை போதும்.

பாகங்களாக வாங்கிக் கோப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் துப்பாக்கிக்கு வேண்டாம். மிச்சமாகும் பணம் மிகக் குறைவு. கருவிகள் வாங்கினால் அதுவும் போய்விடும். சட்டச் சிக்கலோ பெரிது. வரிசை எண் பொறித்த கீழ்ப்பகுதியைத்தான் சட்டம் துப்பாக்கி என்று கருதுகிறது. அதற்கும் கடை, படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்துவிட்டால், கூட்டாட்சி அரசிடம் முன்கூட்டியே பதிவு செய்யாதவரை அது பெருங்குற்றம். தெரியாமல் ஒரு குட்டைக் குழலை மாட்டிவிட்டு அதன் விலையை விசாவில் கொடுக்க வேண்டுமா?

பழைய துப்பாக்கி மலிவாக வருகிறதே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு அடகுக்கடையில் 350 டாலருக்கு ஒரு பழைய அரை தானியங்கி வாங்கினேன். கட்டை பளபளவென்று இருந்தது, உள்ளே பார்க்கவில்லை. சுடுதளத்தில் மூன்றாவது தோட்டாவிலேயே நின்றுவிட்டது. போல்ட் பாதி மூடியபடி நிற்க, பித்தளை உறை புகைந்துகொண்டு வாயிலில் நட்டுக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டுச் சுட்டால் மறுபடியும் அதே கதை. பழுது பார்ப்பவர் டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் ஓடும் தடங்களின் ஓரம் எலி கடித்தது போலக் குதறியிருந்தது. "இதைச் சரி செய்யும் காசுக்குப் புதிதாகவே வாங்கலாம்" என்றார். பழையது வாங்குவதானால் போல்ட் ரைபிளாக வாங்குங்கள். தேய்ந்து கெட அதில் அதிகம் இல்லை. அரை தானியங்கியைப் புதிதாக வாங்குங்கள். தனி ஆளிடம் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாகவே கைமாற்றிக்கொள்ளுங்கள். சின்னக் கட்டணம்தான், காகிதம் உங்கள் பக்கம் இருக்கும்.

ஆயிரத்தில் துப்பாக்கிக்கு ஐந்நூறுக்கு மேல் போகாதீர்கள். குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு 200 வரை கொடுங்கள். விடியற்காலை அரை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும் கண்ணாடி, எவ்வளவு நல்ல துப்பாக்கியையும் பயனற்றதாக்கிவிடும். பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்கு நூறு. வீட்டில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி, குண்டு போட்ட துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டத்தான் வேண்டும். காது மூடிக்கும் கண் காக்கும் கண்ணாடிக்கும் ஐம்பது. ரைபிள் சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டும், ஒரே வேட்டில் காது நிரந்தரமாகக் கெடலாம். மிச்சம் முழுவதும் பயிற்சித் தோட்டாவுக்கு. அதைக் குறைத்துக்கொண்டு விலை கூடிய துப்பாக்கி வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும். குறி தவறினால் வேதனைப்படுவது அந்த விலங்குதான்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸின் பெரும்பகுதி தனியார் நிலம். நண்பர்களின் பண்ணை இல்லாதபோது, மாநில வனவிலங்குத் துறையின் 48 டாலர் ஆண்டு அனுமதிச் சீட்டு பொது வேட்டை நிலங்களைத் திறந்துவிடும். அங்கே ஆரஞ்சு நிற உடை கட்டாயம்.

டெக்சாஸின் நடுவே உள்ள குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரி பக்கம் போனால் உங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. முதுமலைச் சாலையோரம் பார்த்த அதே புள்ளிமான் இங்கே வேலி தாண்டி ஓடும். 1932-இல் கொண்டுவரப்பட்டவை. கோடியக்கரையில் பார்க்கும் வெளிமானும் இங்கே உண்டு, தெற்கே நீலமானும் உண்டு. ஊரில் இவற்றைத் தொட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறை. இங்கே இவை வெளியிலிருந்து வந்த இனங்கள் என்பதால் வேட்டைப் பருவக் கட்டுப்பாடே இல்லை. முதல் முறை ஸ்கோப்பில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது என்னால் விசையை இழுக்க முடியவில்லை. இன்றுவரை புள்ளிமானைச் சுட்டதில்லை. உங்களுக்கு எப்படியோ.

பன்றியை அறுக்கும்போது கையுறை போடுங்கள். புருசெல்லோசிஸ் என்ற நோய் இரத்தத்தின் வழியாகத் தொற்றும். கறியின் உள்வெப்பம் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்வரை சமைக்க வேண்டும். நம் ஊர்ப் பக்குவத்தில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வதக்கினால் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும் என்றாலும், வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

பின்குறிப்பு: ஹூஸ்டனிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அப்பா சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார், சுடுதளத்தில் ஒரு முறை சுட்டுப் பார்க்கட்டுமா, ஒரு படம் எடுக்கட்டுமா?" வேண்டாம் அம்மா. அவருக்கும் இதே தடை உண்டு. வேட்டை உரிமம் இல்லாமல் அவர் கையில் கொடுப்பது உங்கள் இருவருக்கும் ஆபத்து. அவர் ஊருக்குத் திரும்பும்போது உங்கள் வேட்டைப் பையைக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால், இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு. என் வேட்டைப் பை விமானம் ஏறியதே இல்லை. அது கார் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது.

ஆஸ்டின் தம்பிக்கு: எதையும் வாங்கும் முன் ஒரு நாள் என் இரண்டு ரைபிள்களையும் சுட்டுப் பாருங்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் பருவம் தொடங்கிவிட்டால் சுடுதளத்தில் இடம் கிடைக்காது. அக்டோபரிலேயே வாருங்கள். காது மூடியும் தோட்டாவும் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் வேட்டை உரிமத்தை வாங்கி, அந்தத் தாளைக் கையோடு எடுத்து வாருங்கள். அதைப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்.