உதவி: ஒரே கச்சேரி போனில் துண்டு துண்டாகத் தெரிகிறது, ராகம் வாரியாக அடுக்க வழி சொல்லுங்கள்

வடசேரிக்காரன்:
அவசரம். அப்பா ரேடியோவிலிருந்து பதிவு செய்து வைத்த கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றி, ராகம், இயற்றியவர் எல்லாம் தமிழில் டேக் (பைலுக்குள் எழுதும் விவரக் குறிப்பு) போட்டு வைத்தேன். போனில் திறந்தால் ஒரே கச்சேரி ஏழெட்டு ஆல்பமாகச் சிதறிக் கிடக்கிறது. காரில் எழுத்தே சரியாக வரவில்லை. சனிக்கிழமை அப்பாவைத் திருவனந்தபுரம் கூட்டிப் போகிறேன். போகிற வழியில் நவராத்திரி கிருதிகளை வரிசையாகக் கேட்கணும் என்கிறார். அதற்குள் சரியாகணும். என்ன செய்ய?

கோட்டாறு கேசட்:
எம்பி3யா, வேவா? டேக் போட்டது எதில்? போனில் எந்த ப்ளேயர்? காரில் வருவது கட்டமா, கேள்விக்குறியா, இல்லை ஒன்றுமே இல்லையா? இதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

தோவாளை பிச்சி:
இது பென்டிரைவ் பிரச்சனை அண்ணாச்சி, வேறொன்றுமில்லை. பல கார் ப்ளேயர்களுக்கு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ்தான் ஒத்துப்போகும். அதிலும் சில ப்ளேயர் பெயர் வரிசையைக் கண்டுகொள்ளாது, எந்த வரிசையில் காப்பி செய்தீர்களோ அதே வரிசையில்தான் பாடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொரு ஃபோல்டராகத் திரும்பப் போடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியாயிற்று.

மேளகர்த்தா72:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது. சங்கீதத்தை ஆல்பம் என்று அடுக்கத் தொடங்கியதே கோளாறு. ஒவ்வொரு ராகத்துக்கும் மேள எண், அதாவது 72 தாய் ராகங்களின் வரிசையில் உள்ள எண், போட்டு ஃபோல்டர் வையுங்கள். 15 மாயாமாளவகௌளை, 22 கரகரப்ரியா, 29 சங்கராபரணம். அவற்றிலிருந்து பிறந்த ஜன்ய ராகங்கள் தாய் ராகத்துக்குள். மேளம் தெரியாதவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு டேக் பக்கம் வரலாம்.

தக்கலைத் தம்புரா:
ஒருத்தர் அவசரம் என்று வந்திருக்கிறார், மேளம் படித்துவிட்டு வா என்றால் எப்படி? அப்பாவுக்கு வேண்டியது கச்சேரி. வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை அந்த வரிசையில் கேட்டால்தான் அது கச்சேரி. ராகம் ராகமாகப் பிரித்துப் போட்டுவிட்டால் ஆலாபனை ஒரு ஃபோல்டர், அடுத்து வந்த சிறு பாட்டான துக்கடா இன்னொரு ஃபோல்டர் என்று போய்விடும்.

வடசேரிக்காரன்:
எம்பி3. எம்பி3டேக் மென்பொருள். போனில் வந்த ப்ளேயர்தான். காரில் பெரும்பாலும் கட்டம், சில பைலில் கேள்விக்குறி. ஒரு பைலில் இருப்பது இது:

டைட்டில்: என்றைக்கு சிவக்ருபை
ஆர்ட்டிஸ்ட்: பாடகர் / வயலின் / மிருதங்கம் (மூன்று பேர் பெயரும் இப்படிக் கோடு போட்டு)
ஆல்பம்: ரேடியோ கச்சேரி
கம்போசர்: சிவன்
ஜானர்: முகாரி
ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், டிராக் எண்: காலி

மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் உள்ள பைலில் மட்டும் மிருதங்க வித்வான் பெயரை முதலில் போட்டிருக்கிறேன்.

கோட்டாறு கேசட்:
இப்போது தெளிவாகிவிட்டது. பல ப்ளேயர்கள் ஆல்பம் பெயரையும் ஆர்ட்டிஸ்டையும் சேர்த்துத்தான் ஒரு ஆல்பம் என்று முடிவு செய்யும். ஆர்ட்டிஸ்ட் பைலுக்குப் பைல் மாறுகிறது, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருக்கிறது. அதனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போய் நிற்கிறது. அந்தச் சாய்வுக்கோடும் தொல்லை. எம்பி3 டேக்கின் வடிவமான ஐடி3-யின் 2.3 பதிப்பில் அது பெயர்களைப் பிரிக்கும் குறி, சில ப்ளேயர் அதைப் பார்த்ததும் மூன்று ஆளாகப் பிரித்துவிடும். கோட்டுக்குப் பதில் கமா போடுங்கள்.

ஒரு கச்சேரியின் பைல்கள் அத்தனையையும் தேர்ந்தெடுத்து, இடது பக்கம் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில் பாடகர் பெயரை மட்டும் போட்டு சேமியுங்கள். அதே வேகத்தில் ஆல்பம் பெயரையும் மாற்றுங்கள். எல்லாக் கச்சேரிக்கும் 'ரேடியோ கச்சேரி' என்றே இருந்தால், ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் போட்டதும் ஒரே பாடகரின் கச்சேரிகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கேசட் உறையில் தேதி இருந்தால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போடுங்கள், தானாகவே காலவரிசையில் நிற்கும். பிறகு டூல்ஸ் மெனுவில் ஆட்டோ நம்பரிங் இருக்கிறது, 01, 02 என்று இரண்டு இலக்கமாக எண் விழட்டும். வெறும் 2 என்று விட்டால் சில இடத்தில் 10 முந்திக்கொள்ளும்.

எழுத்து விஷயம். கட்டம் வந்தால் கார் ப்ளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், டேக்கை என்ன மாற்றினாலும் அது போகாது. கேள்விக்குறி வேறு. தமிழ் தெரியாத குறியாக்கத்தில் சேமித்ததால் எழுத்து அழிந்தே போயிருக்கிறது. ஆப்ஷன்ஸில் டேக்ஸ், எம்பெக் என்று போய் ஐடி3 2.3, யுடிஎஃப்-16 தேர்ந்தெடுங்கள். ஐடி3 வி1 எழுதுவதை நிறுத்துங்கள், அதில் டைட்டிலுக்கு 30 எழுத்துதான் இடம், தமிழ் அதில் ஏறாது. அப்புறம் கேள்விக்குறி வந்த பைல்களுக்கு மட்டும் தமிழைத் திரும்ப அடிக்கணும். காருக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்த தனிப் பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மேளகர்த்தா72:
ஜானரில் ராகத்தைப் போட்டிருப்பதை யாரும் கண்டிக்கவில்லை. முகாரி ஒரு ஜானரா? ராகத்துக்கு என்று தனிப் புலம் உருவாக்கிக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது.

கோட்டாறு கேசட்:
இருக்கிறது. ஆனால் போனில் வருகிற ப்ளேயர் அந்தத் தனிப் புலத்தைக் காட்டாது. ஜானர் பட்டியல் பெரும்பாலான ப்ளேயர்களில் இருக்கும், அதைத் திறந்தால் தோடி, பைரவி, கல்யாணி என்று ராகங்கள் வரிசையாக நிற்கும். ராகம் வாரியாகக் கேட்க இதைவிட எளிய வழி கிடையாது. இரண்டிலும் போட்டு வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு ராகத்தின் பெயருக்கு எல்லா பைலிலும் ஒரே எழுத்துக்கூட்டு என்பது மட்டும் முக்கியம். காம்போதி, காம்போஜி இரண்டும் இருந்தால் இரண்டு ராகமாகிவிடும்.

பறக்கை பல்லவி:
எல்லாரும் ஜானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், கம்போசரைப் பாருங்கள் மக்கா. வெறும் 'சிவன்'. 'என்றைக்கு சிவக்ருபை' நீலகண்ட சிவன் பாட்டு. 1839-ல் நம்ம வடிவீஸ்வரத்தில் பிறந்தவர். வெறுமனே சிவன் என்று விட்டால் பார்க்கிறவர்கள் பாபநாசம் சிவன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர் பிறந்தது 1890-ல், நீலகண்ட சிவன் காலமான 1900-ல் அவர் சிறு பையன். பூர்விகல்யாணியில் 'ஆனந்த நடமாடுவார்', பௌளியில் 'சம்போ மகாதேவ', கரகரப்ரியாவில் 'நவசித்தி பெற்றாலும்' எல்லாம் இவருடையவை. இணையத்தில் இருந்து இறக்கிய பைல்களில் இவை வேறு பெயரில் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாகர்கோவில்காரன் கையில் இருக்கிற பைலிலாவது பெயர் முழுசாக இருக்கட்டும்.

தக்கலைத் தம்புரா:
இதே மாதிரி 'எம்.எஸ்' என்று மட்டும் போட்டவையும் இருந்தால் பாருங்கள். சுப்புலட்சுமியா, வயலின் கோபாலகிருஷ்ணனா என்று பின்னால் தெரியாது. நான் கச்சேரி நடந்த ஊரையும் ஆர்ட்டிஸ்ட் கட்டத்திலேயே போட்டு வைத்திருந்த ஒருவருக்கு உதவினேன். கன்யாகுமரி என்று தேடினால் வயலின் ஏ. கன்யாகுமரி வாசித்தவை எல்லாம் வந்து நின்றன. ஊருக்கு கமெண்ட் கட்டம் போதும்.

நவராத்திரி வரிசையைக் கேட்டிருந்தார் அல்லவா, இதோ. முதல் நாள் சங்கராபரணம், 'தேவி ஜகஜ்ஜனனி'. அடுத்து கல்யாணி 'பாஹிமாம் ஸ்ரீ வாகீஸ்வரி', சாவேரி 'தேவி பாவனே', தோடி 'பாரதி மாமவ', பைரவி 'ஜனனி மாமவ', பந்துவராளி 'சரோருஹாசன ஜாயே', சுத்த சாவேரி 'ஜனனி பாஹி', நாட்டக்குறிஞ்சி 'பாஹி ஜனனி', ஒன்பதாம் நாள் ஆரபி 'பாஹி பர்வத நந்தினி'. எல்லாம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றியவை. ஒன்பதையும் ஒரே ஆல்பமாக்கி நாள் எண்ணையே டிராக் எண்ணாகப் போட்டுவிடுங்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருஷா வருஷம் போகிற பாதைதான் உங்கள் பாதை. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும்.

மேளகர்த்தா72:
ஆறாம் நாள் ராகத்துக்குக் காமவர்த்தனி என்று டேக் போடணும். 51-வது மேளத்தின் பெயர் அதுதான்.

பறக்கை பல்லவி:
மேடையில் பாடுகிறவர்கள் பந்துவராளி என்றுதான் சொல்கிறார்கள், ரேடியோவில் அறிவிப்பதும் அப்படித்தான். முத்துசாமி தீட்சிதர் வழியில் அதுவே காசிராமக்ரியா. அவர்களையும் திருத்துவீர்களா?

மேளகர்த்தா72:
பந்துவராளி என்று விட்டால் சுபபந்துவராளியோடு குழப்பும். அது 45. காந்தாரம் என்ற ஸ்வரம் ஒன்றுதான் வித்தியாசம், பந்துவராளியில் உயர்ந்த அந்தர காந்தாரம், சுபபந்துவராளியில் தாழ்ந்த சாதாரண காந்தாரம். கேட்டுப் பிரிக்கத் தெரியாதவர்கள் பெயரைப் பார்த்துத்தானே பிரிக்கிறார்கள்?

பறக்கை பல்லவி:
அந்தக் காந்தாரம் வந்த மாத்திரத்தில் பாட்டின் முகமே மாறிவிடும், சுபபந்துவராளியின் சோகம் பந்துவராளியில் கிடையாது. பெரியவர் ஒருத்தர் வாழ்நாள் முழுக்கப் பந்துவராளி என்று கேட்டுவிட்டு, மகன் போட்ட பட்டியலில் அதைக் காணாமல் தேடணுமா?

தோவாளை பிச்சி:
அண்ணாச்சிமாரே, பென்டிரைவை யாராவது கேட்டீர்களா?

வடசேரிக்காரன்:
ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் போட்டதும் போனில் ஒன்றாகிவிட்டது. காருக்கு ஆங்கில எழுத்தில் தனி பென்டிரைவ், ஃபேட்32தான், வரிசை சரியாக வருகிறது. நீலகண்ட சிவன் பெயர் முழுசாகப் போட்டாச்சு. பந்துவராளி என்றே வைத்திருக்கிறேன், அப்பா அப்படித்தான் சொல்வார். சுத்த சாவேரி மட்டும் கேசட்டில் இல்லை. எல்லாருக்கும் நன்றி, கிளம்பணும்.

கோட்டாறு கேசட்:
நல்லது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். கேசட்டிலிருந்து முதலில் ஏற்றிய வேவ் பைல்கள் இன்னும் இருக்கின்றனவா, எம்பி3 மட்டும்தானா? இருந்தால் அழித்துவிடாதீர்கள். ஃப்ளாக் என்ற வடிவத்துக்கு மாற்றினால் ஒலி குறையாமல் இடம் கிட்டத்தட்ட பாதியாகும், தமிழ் டேக்கும் அதில் நன்றாக நிற்கும். வேவ் இல்லை என்றால் கேசட்டை இன்னொரு தரம் ஏற்றுங்கள், நாடா நாளாக நாளாகத் தேயும்.