டிரைசரின் சிக்காகோ: குறியீடா, காரணமா?

கேள்வி:
அமெரிக்க எழுத்தாளர் தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' (1900) நாவலை அண்மையில் வாசித்து முடித்தேன். 1889இல் 18 வயதுப் பெண்ணொருத்தி கையில் 4 டாலருடன் சிக்காகோவுக்கு ரயிலேறும் முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே நகரம் காந்தமாகிவிடுகிறது. மனிதரைச் சூழலின் விளைபொருளாகக் காண்பது இயல்புவாதம் என்றால், அங்கே நகரம் குறியீடா, நேரடிக் காரணமேதானா?

முதல் பதில்:
இரண்டையும் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. காந்தத்தைவிட, வேலை தேடி அலையும் கேரி காணும் பெரிய கண்ணாடிச் சன்னல்களைக் கவனியுங்கள்: உள்ளே நடப்பதெல்லாம் தெரியும், உள்ளே போகத்தான் வழி தெரியாது. காலணித் தொழிற்சாலையில் அவளுக்கு வாரக் கூலி நாலரை டாலர். அதில் 4 டாலர், தங்குவதற்கும் உணவுக்குமாக அக்காள் வீட்டுக்குப் போய்விடுகிறது. மிஞ்சிய அரை டாலருடன் கடைத்தெருவைக் கடப்பவளுக்கு அந்தக் கண்ணாடி, ஆசையின் அடையாளமாக இருக்கும்போதே அந்த ஆசையை உண்டாக்குவதாகவும் இருக்கிறது. ஒற்றை வீடு மட்டுமே நிற்கும் வெளிகளிலும் மைல் கணக்கில் தெருக்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் போட்டுவைத்த ஊர் அது என்று டிரைசர் எழுதுகிறார். இன்னும் வந்து சேராதவர்களுக்காகக் கட்டப்பட்ட அவ்வூரைப் போலவே கேரியின் மனமும் கைக்கு வராததை நம்பியே விரிகிறது. பின்னாளில் நியூயார்க்கில் புகழ்பெற்ற நடிகையான பிறகும் அவள் சன்னலோரம் ஆடுநாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறாள்.

இரண்டாம் பதில்:
ஏற்கிறேன்; ஆனால் நகரத்தை ஒருமையில் பேசுவதில் ஓர் இழப்பு உண்டு. சிக்காகோவின் ஆடம்பர மதுக்கூடமொன்றின் மேலாளராக மதிப்போடு வாழ்ந்த ஹர்ஸ்ட்வுட், கேரியோடு நியூயார்க் போனதும் அடையாளமற்ற ஆயிரக்கணக்கானோரில் ஒருவராகிறார். புரூக்ளினில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது டிராம் ஓட்டப்போய்க் கல்லடி பட்டு, கடைசியில் மலிவான விடுதி அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டு மாண்டுபோகிறார். அவர் குணம் பெரிதாக மாறிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது. (முதலாளிகளின் பணம் கையில் இருக்கும்போதே பெட்டகக் கதவு தானே மூடிக்கொள்ள, அவர் அப்பணத்தோடு சிக்காகோவை விட்டு ஓடும் காட்சியை இக்கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை, அது தற்செயல்.)

மூன்றாம் பதில்:
ஃபிராங்க் நோரிஸின் 'மெக்டீக்' (1899) நாவலையும் சேர்த்து வாசித்தால், நகரத்துக்கு நீங்கள் தரும் இடம் சற்றுக் குறையலாம். சான் பிரான்சிஸ்கோவின் போல்க் தெருவில், பொன்முலாம் பூசிய பெரும் பல்லைக் கடையின் விளம்பரப் பலகையாகத் தொங்கவிட்டு வாழும் பல் வைத்தியனின் கதை அது. பேராசையை அவனிடமும் அவன் மனைவியிடமும் வளர்த்தது அந்தத் தெரு என்று எளிதாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்நகரத்தை விட்டே ஓடிப்போன பின், மெக்டீக் எதிரியின் பிணத்தோடு கைவிலங்கால் பிணைக்கப்பட்டு நிற்பது மனிதவாடையற்ற மரணப் பள்ளத்தாக்குப் பாலையில்.