புதுப்பிப்பு: தம்பிக்கு மெடிகேப் கிடைத்துவிட்டது

நியூயார்க்கில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தம்பிக்கு (வயது 41) மெடிகேர் (65 வயதானவர்களுக்கும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் உள்ள அமெரிக்க அரசுக் காப்பீடு) பார்ட் பி, அதாவது டாக்டர், டயாலிசிஸ் போன்ற செலவுகளுக்கான பகுதி, கொடுத்தது போக மீதி 20 சதவீதத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன் அல்லவா? அதற்கு உச்சவரம்பே கிடையாது என்பதுதான் வயிற்றைக் கலக்கியது.

சரி, அந்த மீதியைக் கொடுக்கும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப் வாங்கியாயிற்று. 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்றே ஆகவேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆண்டு முழுவதும் சேரலாம், பிரீமியமும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்ளதேதான். முதலில் பேசிய ஏஜென்ட்டோ "65 ஆகட்டும் சார்" என்றார்!

ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் தராமல் காப்பீட்டு நிறுவனம் 6 மாதம் வரை காக்க வைக்கலாம். பழைய ஆபீஸ் காப்பீடு இடைவெளி இல்லாமல் இருந்ததற்கான கடிதத்தைக் கொடுத்ததும் அந்தக் காலத்தைக் காத்திருப்பிலிருந்து கழித்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் மாநிலத்தில் மெடிகேப் கிடைக்காவிட்டால், 2021 முதல் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் மெடிகேர் அட்வான்டேஜில் (தனியார் நிறுவனம் வழியாக மெடிகேர் பலன்களைத் தரும் திட்டம்) சேரலாம். டயாலிசிஸ் மையம் அதன் நெட்வொர்க்கில் (அந்தத் திட்டத்துடன் ஒப்பந்தம் உள்ள மையங்களின் பட்டியலில்) இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.